பதினான்காம் அறையின் டோக்கன்கள்

காலை ஆறு மணிக்குக் கப்பல் அறையின் கூரையில் இருக்கும் ஒலிபெருக்கி கரகரக்கும். வழிகாட்டிப் பெண் காற்றின் வேகத்தையும் குளிரின் அளவையும் சொல்லிவிட்டு, வெளியே என்ன தெரிகிறது என்பதைச் சொல்வாள். பெரும்பாலும் பனிமூட்டம். நான் எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்து சுவிட்சைப் போடுவேன். இரண்டு கோப்பை, இரண்டு தேயிலைப் பை. ஒன்றில் சர்க்கரை கிடையாது. அத்தையின் மாத்திரை டப்பாவில் அன்றைய கிழமைக்கான மூடியைத் திறந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பேன். அவர் எழுந்து முழங்காலில் பட்டையை இழுத்து மாட்டுவார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் தேநீர் குடிக்கும்போது நான் குளியலறைக்குப் போவேன். நான் குடிக்கும்போது அவர் போவார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். இரண்டு பேர் நிற்க முடியாது.

ஏழே முக்காலுக்குக் கீழ்த்தளம். உயிர்காப்புச் சட்டைகளில் பதினான்காம் எண் இரண்டையும் எடுத்து, முதலில் அத்தைக்குப் போட்டு கொக்கியை மாட்டிவிட்டு, பிறகு நான் போட்டுக்கொள்வேன். ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஒரு கரையின் மண் இன்னொரு கரைக்குப் போகக் கூடாது என்பது விதி. கடைசியில் டோக்கன் பலகை. ஐம்பத்திரண்டு பயணிகளுக்கும் ஆளுக்கொரு தகர டோக்கன் ஆணியில் தொங்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. கரைக்கு இறங்கும்போது சிவப்பு. ஏறி வந்ததும் வெள்ளை. பலகை முழுவதும் வெள்ளையாக இருந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், நங்கூரம் தூக்கலாம். அவரவர் டோக்கனை அவரவரே திருப்ப வேண்டும் என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது. 14ஏ நான். 14பி அத்தை. இரண்டும் மேல் வரிசையில். அத்தைக்குக் கை எட்டாது. முதல் நாளிலிருந்தே இரண்டையும் நான்தான் திருப்பினேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஆச்சா மாப்பிள்ளை?" என்பார்.

"ஆச்சு அத்தை."

இப்படி நான்கு நாள்.

14பி என் மனைவியுடையதாக இருக்க வேண்டியது. பயணத்தைப் பதிவு செய்தவள் அவள்தான். ஒரு சின்னக் கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலை. படிக்கட்டு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி. நாள் முழுக்க நேர்கோடு போட்டுப் போட்டுக் கண் பூத்துப்போச்சு, நேர்கோடே இல்லாத எதையாவது பார்க்க வேண்டும் என்றாள். பனியாறு என்று முடிவு செய்தவளும் அவளே. நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். புட்டியில் வரும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. "அங்க வந்தும் பனிக்கட்டியப் புட்டில அடைச்சு நம்பர் ஒட்டிக்கிட்டு உக்காராத," என்றாள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவள், எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள் இயந்திரம் மூச்சு விட்டது. மூன்றாம் நாள் நிறுத்தினார்கள். அவளுக்கு முப்பது வயது. எனக்கு முப்பத்திரண்டு.

பயணத்தை ரத்து செய்ய முடியாது, ஆளை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று கப்பல் நிறுவனம் பதில் எழுதியது. கூடவே ஒரு படிவம். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'வர இயலவில்லை' என்று எழுதினேன். அத்தையின் தம்பிதான் சொன்னார். "அக்காவக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. பொண்ணு பாக்க ஆசப்பட்டத அம்மாவாவது பாக்கட்டும்." அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் சொன்ன பொய்யை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் முடிந்த மறுநாள் கூடத்தில் பதினைந்து பெண்களாவது இருந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?" என்று கேட்டார். பதினைந்து முகமும் என்னைப் பார்த்தன. "ஆம்புலன்ஸ்ல போகும்போது, அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அது. அத்தை அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அந்த அழுகைக்குப் பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

அது ஊர் முழுக்கப் போய்விட்டது. பத்து நாளில் அத்தையின் தம்பி, அத்தை இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, இரண்டு பெட்டியோடு அவரை என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். போனில் யார் கேட்டாலும் அத்தை அதையே சொல்வார். "என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா. சாகற நேரத்துல வேற யார் நெனப்பும் வரல அவளுக்கு." பக்கத்து அறையில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அது பொய் என்று தெரிந்தால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்திருக்கிறேன். ஒன்றும் மிஞ்சாது. அதனால் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒரே வீட்டில், இப்போது ஒரே அறையில், அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்ப்பதும் நான் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தோம்.

ஐந்தாம் நாள் ஒரு சரளைக் கரை. எதிரே பனியாறு கடலுக்குள் இறங்கியது. அகலம் இரண்டு கிலோமீட்டர் என்றாள் வழிகாட்டி. தூரத்தில் பார்க்க அழுக்கு வெள்ளைத் துணி. கிட்டே போனால் நீலம். வெடிப்புகளுக்குள் இன்னும் அடர்ந்த நீலம். அவ்வப்போது உள்ளே எங்கோ மரம் முறிவதுபோல் சத்தம் கேட்டது. என் மனைவி சொன்னது சரிதான், அதில் ஒரு நேர்கோடுகூட இல்லை. அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று சற்று நேரம் நின்று பார்த்தேன்.

"என்ன தம்பி, கேமரா இல்லாம வந்திருக்கீங்க?" என்றார் பக்கத்து அறைக்காரர். தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்ததால் கப்பலில் எல்லோருக்கும் அவர் 'கேமரா'தான். "கல்யாண வீட்டுக்குப் போயி கைகழுவிட்டு மட்டும் வர்ற மாதிரி இருக்கு உங்க கத."

"கண்ணால பாத்தாப் போதும் சார்."

"இவரு மட்டும் கண்ணால பாத்தாராக்கும்," என்றார் அவர் மனைவி. "நாலு நாளா ஓட்ட வழியாத்தான் பாக்கறாரு. நான் பக்கத்துல நிக்கறதே ஓட்டைக்குள்ள வந்தாத்தான் தெரியும்."

நடக்க முடிந்தவர்களுக்குப் பனியாற்றின் ஓரம் வரை இரண்டு மணி நேர நடை. முடியாதவர்களுக்குக் கரையோரமாக அரை மணி நேரம். அத்தைக்கு அதுவும் முடியாது. கரையின் கோடியில் ஒரு பெரிய பாறை. அதன் மறைவில் காற்று குறைவு. மடக்கு நாற்காலியை அங்கே போட்டு அவரை உட்கார வைத்தேன். இருபது அடி தள்ளி சீல் என்னும் கடல்நாய் ஒன்று படுத்திருந்தது. சாம்பல் நிறத்தில், மூட்டை மாதிரி.

"நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை. எனக்கு இது இருக்குல்ல."

"சின்ன நடைக்காரங்க திரும்பும்போது அவங்களோடயே போட்ல ஏறிடுங்க அத்தை. எனக்காகக் காத்திருக்காதீங்க."

"சரி சரி. என்னப் பாத்துக்க எனக்குத் தெரியும்."

திரும்பி வரும்போது காற்று மாறிவிட்டது. விரிகுடாவில் கிடந்த பனித்துண்டுகள் கரையை நோக்கி வர ஆரம்பித்தன. வழிகாட்டி எங்களை அவசரப்படுத்தினாள். ரப்பர் படகுகள் போவதும் வருவதுமாக இருந்தன. அத்தை முன்னாலேயே போயிருப்பார் என்று நினைத்தேன். பாறைவரை நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கப்பலில் ஏறி, பூட்ஸைக் கழுவி, பலகைக்கு வந்தேன். 14ஏவைத் திருப்பினேன். 14பி இன்னும் சிவப்பாக இருந்தது. எட்டியிருக்காது என்று நினைத்து அதையும் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் யாரும், ஆச்சா என்று கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் சூப் கொடுத்தார்கள். குடித்தேன். நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது. கேமரா மேல்தளத்திலிருந்து மூக்கு சிவக்க இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அத்தைக்கு சூப் வேணாமாமா?"

"ரூம்ல படுத்திருப்பாங்க சார்."

சூப்பை முடித்துவிட்டுத்தான் அறைக்குப் போனேன். அறை காலி. குளியலறை காலி. கீழ்த்தளச் சுவரில் அவருடைய உயிர்காப்புச் சட்டை தொங்கியிருக்க வேண்டும், நான் என்னுடையதை மாட்டும்போது பக்கத்து ஆணியைப் பார்த்தேனா என்று யோசித்தேன். வெறும் ஆணி. பார்த்திருக்கிறேன்.

என் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். பயம் வரவில்லை. இனி யாருக்காகவும் எதையும் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அவ்வளவு லேசாக ஆறு மாதத்தில் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. பிறகுதான் எழுந்து ஓடினேன்.

கேப்டன் கத்தவில்லை. "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். கப்பல் திரும்பியது. வழிகாட்டி என்னையும் ஏற்றிக்கொண்டு ரப்பர் படகை இறக்கினாள்.

"பாறைக்குப் பின்னாடி நான் பாக்கல," என்றாள். பனித்துண்டுகளைக் கழியால் தள்ளிக்கொண்டே பேசினாள். "பலகை எப்படின்னு வயர்லெஸ்ல கேட்டேன். எல்லாம் வெள்ளைன்னாங்க. கிளம்பிட்டேன்."

"அத்தையோடத நான்தான் திருப்பினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "மேல எழுதியிருக்கே."

"ஆமா."

அடுத்த பனித்துண்டில் கழியை ஊன்றித் தள்ளினாள்.

அத்தை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையையும் வாயையும் துண்டால் சுற்றியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. சீலும் அங்கேயே கிடந்தது. கரையை ஒட்டிப் பனித்துண்டுகள் நெருக்கியிருந்தன. அவை விலகும்வரை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், படகை விட்டு வர முடியாது என்று வழிகாட்டி தண்ணீரோரத்திலேயே நின்றுகொண்டாள். நான் என் கோட்டைக் கழற்றி அத்தையின் மடியில் போட்டுவிட்டு சரளையில் உட்கார்ந்தேன்.

"கண்ணசந்துட்டேன் போல," என்றார். "சங்கிலி இழுக்கற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து பாத்தா கப்பல் முதுகக் காட்டிட்டுப் போகுது. கையத் தூக்கி ஆட்டினேன். மேல நின்ன ஒருத்தரு பதிலுக்குக் கையாட்டிட்டு ஒரு போட்டோ எடுத்தாரு."

வேறு நேரமாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"இதுகிட்டப் பேச்சுக் குடுத்தேன்," சீலைக் காட்டினார். "திரும்பிக்கூடப் பாக்கல. சரி, வீட்ல இருக்கற மாதிரியே இருக்குன்னு உக்காந்துட்டேன்."

"மன்னிச்சிடுங்க அத்தை."

"எதுக்கு? அம்மாவப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனா. நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. துண்டை வாயிலிருந்து கீழே இறக்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா மாப்பிள்ளை."

அவர் மடியில் நழுவிய கோட்டை இழுத்துவிட்டேன்.

"என் பொண்ணு எனக்குத் தெரியாதா? பத்து வயசுல இருந்து எனக்கும் அவளுக்கும் ஆகாது. நான் வாயத் தொறந்தா அவ கதவச் சாத்துவா. கல்யாணம் ஆனதும் விட்டது தொல்லைன்னுதான் போனா. என் மேல பிரியம் இல்லாம இல்ல. ஆனா பாத்துக்கோன்னு ஒருத்தர்கிட்டச் சொல்ற அளவுக்கு இல்ல. அதனாலதான் நீங்க அதச் சொன்னப்ப எனக்கு அப்படி ஆயிடுச்சு. நான்தான் தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கேன்னு நெனச்சேன். ஆறு மாசமா அத ஒண்ண வச்சுத்தான் எந்திரிக்கிறேன், பல்லு வெளக்கறேன்."

பனியாற்றிலிருந்து ஒரு துண்டு கழன்று விழுந்தது. விழுந்தது முதலில் தெரிந்தது. சத்தம் அப்புறம் வந்தது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க தனியா உக்காந்திருந்தப்ப யோசிச்சேன். இவங்க திரும்பி வரலேன்னா, அது நெசமா பொய்யான்னு தெரியாமலே போயிடுவேனேன்னு. அதான் கேக்கறேன். நீங்க பொய் சொல்லலேன்னா, சொல்லலேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். திரும்ப எப்பவும் கேக்க மாட்டேன்."

ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் கேட்டார். ஆனால் அவரை இந்தக் கரையில் விட்டுவிட்டு ஒரு நிமிடம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவன் நான். அதற்குமேல் இன்னொரு பொய்யையும் அவர் தலையில் கட்ட எனக்கு வாய் வரவில்லை.

"அவ அப்படிச் சொல்லல அத்தை."

தலையை ஆட்டினார். இரண்டு கையையும் கோட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஒரு வீட்டில் விளக்கை அணைத்த பிறகும் வெளியிலிருந்து பார்த்தால் வீடு அப்படியேதான் இருக்கும்.

"ஆம்புலன்ஸ்ல?"

"பேசல. படியில விழுந்ததுக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசல. கண்ணே தொறக்கல."

"அப்ப கடைசியாப் பேசினது?"

"வீட்ல. கிளம்பறதுக்கு முன்னாடி."

"என்ன சொன்னா?"

"வேணாம் அத்தை."

"அன்னிக்குக் காலைல நான் போன் பண்ணேன்," என்றார் மெதுவாக. "ஏழு மணி வாக்குல. ரொம்ப நேரம் அடிச்சுது. எடுக்கல. கிளம்பியிருப்பா, ரோட்ல நடந்துட்டு இருப்பா, சத்தம் கேட்டிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். கிளம்பிட்டாளா அப்ப?"

நான் தரையைப் பார்த்தேன். சரளைக்கல் எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தன.

"வீட்லதான் இருந்தாளா?"

"ஆமா."

வழிகாட்டி தண்ணீரோரத்திலிருந்து கையைக் காட்டினாள். வழி திறந்துகொண்டிருந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை.

"நான் பெத்தவ. எதுவா இருந்தாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான். நீ வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? சொல்லு."

கல்யாணமான இரண்டரை வருடத்தில் அவர் என்னை 'நீ' என்றது அதுதான் முதல்முறை.

சொன்னேன். மணி ஏழு பத்து. அவள் கதவோரம் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த அவள் போன் அடித்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டு யார் என்று சொன்னேன். எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாரை இழுத்து மாட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"அம்மாவா? எடுக்காத. எடுத்தா வைக்கவே வைக்காது. சாயங்காலம் பேசிக்கலாம், எங்க போயிடப் போகுது."